ஓய்வுபெற்ற பின் மலைக்கு வர எண்ணும் தம்பதியருக்கு



உத்தியோகத்தை முடித்து, பிள்ளைகளைக் கரையேற்றி, மூக்குக்கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் தவிர வேறொன்றையும் அவசரமாகத் தேடவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத நிலைக்கு வந்து சேர்ந்தபின், மிச்சமிருக்கும் ஆயுளில் சில வருஷங்களையாவது ஊழியத்துக்கென்று ஒதுக்கினால் என்ன என்று கணவனும் மனைவியுமாக யோசித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலர், பாளையங்கோட்டையிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களின் நடை வேறு வேறாக இருந்தாலும் சாரம் ஒன்றுதான்: அந்த மலையின்மேல், வயசான நீங்கள் இருவரும், விடிந்தது முதல் அடையும் வரை என்னதான் செய்கிறீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத என் கை இப்போது ஒத்துழைப்பதில்லையாகையால், எல்லாருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குப் பின்னால் கூச்சத்தோடு ஒளிந்து நிற்கும் இன்னொரு கேள்வியும் எனக்குத் தெரியும். எங்களால் அங்கே ஏதேனும் பிரயோஜனம் உண்டா என்பது அது. அதற்கும் என்னால் இயன்ற பதில் இதிலேயே வரும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் வந்தால் பள்ளிவாசல். முதிரப்புழையாற்றின் நீரைக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் இங்கேதான் 1940-இல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காலத்தில் இயங்கத் தொடங்கிற்று. இன்றைய கேரளம் முழுவதற்கும் அதுவே முதல் நீர்மின் நிலையம். அதற்குச் சமீபத்தில் பெரும் ஓட்டல்களும் உல்லாச விடுதிகளும் முளைத்துவிட்டன. கார்களில் வருகிறவர்கள் வளைவுதோறும் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய படங்களில் பச்சைக் கம்பளம்போல் விழுகிற தேயிலைச் சரிவுகளுக்குள்ளே, வரிசை வரிசையாகக் கட்டிய லயங்களில், நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமாரின் பின்னால் மலையேறி வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் வசிக்கிறார்கள். 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்றுத் தம்பிரானிடம் இம்மலைகளைக் குத்தகைக்கு வாங்கியதிலிருந்து தொடங்குகிற சரித்திரம் அது. காட்டை வெட்டிய கைகளும் செடியை நட்ட கைகளும் தமிழ்க் கைகள். பள்ளியில் படிப்பதும் சர்க்கார் ஆபீஸில் மனுக்கொடுப்பதும் மலையாளத்தில். இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் எங்கள் தினசரி வேலையில் பாதி நடக்கிறது.

திருநெல்வேலிச் சபைகளுக்கு இத்தகைய ஊழியம் புதிதன்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களைத் தேடி 1854 முதலே நம்முடைய உபதேசியார்கள் கடல் கடந்தார்கள். 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தை நம்மவர்களே தோற்றுவித்தார்கள். அதில் முன்னின்ற அசரியா, 1909-இல் தம் மனைவி அன்புவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், ஆரம்பத்தில் கூடாரத்திலேயே குடித்தனம் நடத்தினார். ஆனால் அவர்கள் அப்போது நடுவயதையும் எட்டாதவர்கள். நம் வயசில், முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பெட்டி கட்டுகிறவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் வேறிடத்தில் தேடவேண்டும்.

அப்படித் தேடுகிறவர்கள் உடனே கொல்லிமலை ஈவ்லின் பிராண்டு அம்மையாரின் பெயரைச் சொல்லுவீர்கள் என்பதை அறிவேன். கடிதங்களில் மூன்றில் ஒன்றாவது அவரைக் குறிப்பிடுகிறது. 1879-இல் லண்டனில் பிறந்து, ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலையில் வாழ்ந்து, 1929-இல் கணவரை மலைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, எழுபதை நெருங்கும் பருவத்தில் இனி ஓய்வெடுங்கள் என்று அவரை அனுப்பிய மிஷன் சங்கத்தார் சொன்னபோது, அந்தச் சங்கத்தின் பொறுப்பிலிருந்து விலகி, ஆனால் மலையிலிருந்து விலகாமல், கல்வராயன் முதலிய மலைகளிலெல்லாம் மட்டக்குதிரையின்மேல் ஏறி அலைந்து, நரம்புச் சிலந்தி நோய்க்கு எதிராக மலைவாசிகளிடம் கிணற்றுக்குச் சுவர் எடுக்கும்படி மன்றாடி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் கண்மூடிய அந்த அம்மாளைப் பற்றி எத்தனை பேசினாலும் தகும். கடைசி இருபது வருஷங்களாகத் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய குமாரர், குஷ்டரோக வைத்தியத்தில் பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்டு எழுதியிருக்கிறார். இருந்தும், உங்களை வேண்டிக்கொள்கிறேன், அவரை மனத்தில் வைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். அவர் ஓர் அபூர்வப் பிறவி. தவிரவும், அந்தப் பிற்பகுதி முழுவதையும் அவர் தனியாகவே செய்தார். நாமோ இருவராக வருகிறோம். இருவராக வருவதற்கென்று வேறு சௌகரியங்களும் வேறு சங்கடங்களும் உண்டு.

வேதத்திலே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்கிற தம்பதிகள் எனக்கு எப்போதும் மிகவும் சமீபமாய்த் தோன்றுகிறவர்கள். கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். பவுலைத் தங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். அப்பொல்லோ என்ற வாசாலகனைச் சபை நடுவே திருத்தாமல் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் செய்த ஊழியத்தில் பெரும்பங்கு, வீடு ஒன்று திறந்திருந்ததும் அதில் இருவர் இருந்ததும்தான். தொல்காப்பியரும் கற்பியலில், கிழவனும் கிழத்தியும் கடைசிப் பருவத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடியிருந்து சிறந்ததைப் பழகுவதுதான் கழிந்த வாழ்வின் பலன் என்று கூறுகிறார். எங்கள் மக்களில் ஒருவன் பெங்களூரில், ஒருத்தி ஷார்ஜாவில். ஆகவே சூத்திரத்தில் மக்களும் சுற்றமும் என்ற இடத்தை இந்த லயத்துப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இனி நாள்முறை. இருட்டோடே எழுந்துவிடுகிறோம்; குளிர் எழுப்பிவிடுகிறது. நான் விறகடுப்பு மூட்டுவேன், என் மனைவி கட்டன்சாயா போடுவாள். சங்கீதம் ஒன்றை வாசித்து ஜெபித்து முடிக்கையில், கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள், வேலைக்கு ஆஜர் எடுக்கும் மஸ்டருக்குப் போகிற சத்தம் கேட்கும். இவள் வாசலில் நிற்பாள். "பாட்டி, ராத்திரி பூரா புள்ளைக்கு இருமல்", "பாட்டி, சாயந்திரம் வாரேன், ஒரு விஷயம் பேசணும்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒற்றை வாக்கியங்களே இவளுக்கு அன்றைய தினத்தின் நிகழ்ச்சி நிரல். முப்பத்தைந்து வயசுக்காரி ஒருத்தி ஊழியக்காரியாய் வந்து அதே வாசலில் நின்றால் இதைச் சொல்வார்களா என்பது சந்தேகம். நரைத்த தலைக்கு ஒரு சலுகை உண்டு: அதனிடம் அழலாம், கோபிக்கலாம், குடிகாரப் புருஷனைப் பற்றி முறையிடலாம், வெட்கம் இல்லை. எனக்கு அந்தச் சலுகை வெகு தாமதமாகவே கிடைத்தது. ஆண்கள் என்னிடம் பென்ஷனைப் பற்றிப் பேசுவார்கள், அரசியலைப் பற்றிப் பேசுவார்கள். மனத்தில் இருப்பதை இவளிடம் சொல்லும்படி தங்கள் மனைவிமாரை அனுப்புவார்கள்.

பத்து மணிக்குமேல் என் உத்தியோகம். எழுத்து வேலை. வைப்புநிதிப் படிவம், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போன விவகாரம் ஆகியவற்றையெல்லாம் தமிழில் கேட்டு, மலையாளம் அறிந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிவைத்துக்கொண்டு எழுதித் தருகிறேன். முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க அக்ஷயா கேந்திரத்துக்குப் போய் விரல் வைக்கவேண்டும். மஸ்டரிங் என்பது அதற்குப் பெயர். வாழ்நாளெல்லாம் காலையில் மஸ்டருக்கு நின்றவர்களைக் கிழப்பருவத்திலும் மஸ்டருக்கு அழைக்கிறார்களே என்று ஒரு பாட்டி சிரித்தாள். அவளோடு நானும் ஜீப்பில் போயிருந்தேன். அவள் வலதுகைக் கட்டைவிரலை இயந்திரத்தின்மேல் வைத்தாள், ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தாள், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல், பின்பு இடதுகை. கேந்திரத்துப் பெண் நல்லவள்; பொறுமையாய்த் தன் கையாலேயே அவள் விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியும், பின்பு கத்திரி பிடித்தும், ரேகை என்று சொல்லத்தக்கது அந்த விரல்களில் மிஞ்சவில்லை. கறுத்த நுண்ணிய வெடிப்புகளே இருந்தன. கடைசியில் கண்ணைப் படமெடுக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். "என் கண்ணு இருக்கா, பாரு தாயி" என்று அவள் இமைகளை இரு விரலால் அகட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று நான் செய்த ஊழியம் பக்கத்தில் நின்றதும், திரும்பும்போது ஜீப்புக்காரனிடம் முன்சீட்டைக் கேட்டு வாங்கியதுமே.

இதைக் கேட்டு உங்களில் சிலருக்கு ஏமாற்றமாயிருக்கலாம். பிரசங்கம் இல்லையா, சுவிசேஷ நடபடிகள் இல்லையா என்பீர்கள். உண்டு. ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபம், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, வருஷத்துக்கு ஒருமுறை ஊரில் போலவே அசனம். சபைப் போதகரான ஐயர் பல தோட்டங்களைச் சுற்றவேண்டியவராகையால் இடைப்பட்ட நாட்களில் வியாதியஸ்தரைப் பார்ப்பதும் துக்கவீட்டில் வாசிப்பதும் எங்கள் தலையில் விழுகின்றன. துக்கவீடு என்றால் எந்த மதத்தாருடைய வீடும்தான். லயத்தில் ஒரு சாவு என்றால் கோயில்காரரும் பள்ளிவாசல்காரரும் சபையாரும் ஒரே படிக்கட்டில் இறங்கிப் பாடையைத் தூக்குகிறார்கள். இங்கே வந்து ஆள் சேர்க்கும் எண்ணம் ஒருவருக்கு இருக்குமானால் தயவுசெய்து ஊரிலேயே இருந்து ஜெபிக்கட்டும். இந்த ஜனங்கள் வந்தவரை ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவார்கள்.

இருவராயிருப்பதன் சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊரில் ஐந்து அறை வீட்டில், அவரவர் மூலையில், முப்பது நாற்பது வருஷம் சமாதானமாய்க் காலம் தள்ளியவர்களைக் கொண்டுவந்து ஓர் அறையும் ஓர் அடுக்களையுமான வீட்டில் ஜூன் மாத மழைக்குள் அடைத்தால், அதுவரை ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாத பல குணவிசேஷங்கள் பிரத்தியட்சமாகும். தலைமையாசிரியராயிருந்தவருக்கு மணி அடிக்க இங்கே பள்ளிக்கூடம் இல்லை, மனைவியின்மேல் அடிப்பார். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது ஆண்களுக்குக் கடினம், அதிலும் அதிகாரத்திலிருந்த ஆண்களுக்கு மிகக் கடினம். கணவன் முன்னால் நடந்து மனைவி பின்னால் பை தூக்கிவருகிற தம்பதிகள் இங்கே வெகுநாள் தாங்கமாட்டார்கள் என்பது என் துணிபு. ஏனென்றால் இங்கே ஊழியம் அவளைத் தேடித்தான் வருகிறது, பை தூக்கவேண்டியவர் அவர்தான்.

இப்போது, இம்மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலைத் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. எந்தத் தோட்டத்திலும் பொதுவான ஏற்பாடு இதுதான்: வேலை இருக்கும்வரை லயத்து வீடு, ஓய்வுபெற்றால் காலி செய்யவேண்டும், மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் அந்தக் கணக்கில் இருக்கலாம். படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட வீடுகளில் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே, நாம் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்திக்கொண்டு மலையேறி வருகிற அதே வயசில், அவர்கள் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்குகிறார்கள். எங்கே இறங்குவது? சங்கரன்கோவில் பக்கம், கயத்தாறு பக்கம் என்று பாட்டனார் ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லுவார்கள். அங்கே வீடு இல்லை, நிலம் இல்லை, கலியாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்த பரிச்சயம் மாத்திரம் உண்டு. பிறந்தது இங்கே, தாய் தகப்பனைப் புதைத்தது இங்கே, வெயிலில் நின்று வேர்த்துப் பழகாத உடம்பு.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியை அப்படி வழியனுப்பினோம். இருவரும் எங்களைவிடச் சில வயசு இளையவர்கள். அவர்களுடைய சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என் மனைவியிடம், "நீங்க ஓய்வுக்கு எங்க மலைக்கு வந்திட்டீங்க, நாங்க ஓய்வுக்கு உங்க ஊருக்குப் போறோம்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். இவள் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுவாரம் ஊரிலுள்ள எங்கள் பூட்டிய வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசினோம். இப்போது அதன் பின்கட்டில் அவர்கள் இருக்கிறார்கள். இதை ஒரு தருமமாக எண்ணிச் சொல்லவில்லை. வீடு பூட்டிக்கிடந்தால் கறையான்தான் அரிக்கும். உங்களிடம் கேட்பதற்காகவே சொல்லுகிறேன். ஊழியத்துக்கு வருகிறோம் என்கிறீர்கள், நல்லது. பூட்டிவிட்டு வருகிற வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை, எழுதினவர்களில் ஒருவரும் குறிப்பிடவில்லையே?

பிரயோஜனம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் என் பதில் இருக்கிறது. இந்த மலையில் உபதேசிக்க ஆள் தேவையில்லை. லயத்துக் கிழவிகளுடைய ஜெபத்தின் முன் என் ஜெபம் பள்ளிப்பிள்ளை ஒப்புவிப்பது போலிருக்கும். தங்களையொத்த வயசில், தங்களுக்குக் கிடைக்காத சாவகாசம் கிடைத்த இருவர், அந்தச் சாவகாசத்தைத் தங்களோடு செலவழிக்க வந்திருக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி இருக்கிறது. 2015-ஆம் வருஷம் செப்டம்பரில் பெண்கள் கூட்டங்கூட்டமாக மூணாற்றுத் தெருவில் உட்கார்ந்து, 232 ரூபாயாயிருந்த தினக்கூலியை உயர்த்தச் சொல்லி, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து நடத்திய போராட்டத்தில் இருந்த அம்மாமார்கள் எங்கள் சபையிலும் உண்டு. அவர்களுக்காக நாம் பேசவேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதும். அவர்கள் பேசும்போது கேட்க நமக்கு நேரம் இருக்கிறது. அதுவே நம்மிடமுள்ள மூலதனம்.

மழையைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் தவறு. 2018 ஆகஸ்டில் மண் சரிந்து இந்தச் சாலை அடைபட்டது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் லயங்களின்மேல் மலை இறங்கி எழுபது பேர் மாண்டார்கள். உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் குடும்பங்களாய்ப் போயின. அந்த ராத்திரிக்குப் பின், பெருமழை பெய்யும் இரவுகளில் லயத்தில் யாரும் முழுதாய்த் தூங்குவதில்லை. பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வீடும் அதே சரிவில்தான் இருக்கிறது. பாட்டி பக்கத்தில் படுத்தால் பயமில்லை என்பது அவர்கள் சித்தாந்தம். இவள் தானியேல் கதையையும் நல்லதங்காள் கதையையும் கலந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

சில நடைமுறைக் குறிப்புகள். மே மாதத்தில் வந்து பார்த்து, என்ன குளுமை என்று தீர்மானித்துவிடாதீர்கள். ஜூலையில் வந்து ஒரு மாதம் எங்களோடு தங்குங்கள், ஈரத்துணி காயாமல் நாறுவதையும் காலில் அட்டை ஏறுவதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இருவரில் ஒருவருக்கு இருதய வியாதியோ மூச்சிரைப்போ இருந்தால் வேண்டாம்; பெரிய சிகிச்சைக்குத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ வளைந்து வளைந்து இறங்கவேண்டும். இரவில் தனியே வெளியே போகக்கூடாது, யானை வரும். புத்தகங்கள் குறைவாகவும், ரப்பர் பூட்ஸ் கட்டாயமாகவும் கொண்டுவாருங்கள். நீலக்குறிஞ்சி பார்க்க ஆசையிருந்தால் சொல்லிவிடுகிறேன்: 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான், நாங்கள் அதற்கு இருக்கிறோமா என்ற கணக்கை இவள் போடுவதில்லை, நான் அடிக்கடி போடுகிறேன்.

மலையாளம் எழுத வாசிக்கத் தெரிந்தவர் உங்களில் யாராவது இருந்தால் மற்றவர்களுக்கு முன்னால் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எர்ணாகுளத்தில் வேலை கிடைத்திருக்கிறது; அடுத்த மாதம் போய்விடுவான்.

இங்ஙனம்,
தங்கள் சகோதரன்,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்,
பள்ளிவாசல், இடுக்கி ஜில்லா.